நாங்கள் இருவரும் சம்மதித்து

போதகர்: கதவைச் சாத்திடவா? இன்னும் ரெண்டு பேர் வராந்தாவுல நின்னு சிரிச்சிட்டிருக்காங்க.

மனைவி: சிரிக்கட்டும். போதகரே கடைசிப் பாட்டுல பூனை மாதிரி கத்தினா, சபை வேற என்ன செய்யும்?

போதகர்: நான் கத்தலம்மா. நீதான் பாட்டை மேல தூக்கிட்டுப் போயிட்டே.

மனைவி: நான் எங்கேயும் போகல. புத்தகத்துல போட்டிருக்கிற சுருதியிலதான் வாசிச்சேன்.

போதகர்: அப்போ இத்தனை வருஷமா?

மனைவி: உங்க தொண்டைக்கு எட்டாதேன்னு ரெண்டு கட்டை இறக்கி வாசிப்பேன். கீபோர்டுல அதுக்குன்னே ஒரு பட்டன் இருக்கு.

போதகர்: அடக் கடவுளே... நான் ஏதோ எனக்குக் குரல்வளம்னு...

மனைவி: நினைச்சுக்கட்டும்னுதான் சொல்லல.

போதகர்: இன்னைக்கு ஏன் அழுத்தல?

மனைவி: கை வரல... அந்த ஒயரைக் கொஞ்சம் சுத்துங்க. முடிச்சு விழாம.

போதகர்: கோபமா?

மனைவி: பிரசங்கம் நல்லா இருந்தது.

போதகர்: அப்போ கோபம்தான்.

மனைவி: என்னமோ கிரேக்க வார்த்தை சொன்னீங்களே.

போதகர்: சும்ஃபோனோஸ். புருஷனும் பொண்டாட்டியும் கொஞ்ச காலம் பிரிஞ்சிருக்கணும்னா ரெண்டு பேரும் சம்மதிக்கணும்னு வர்ற வசனம். சம்மதம்னா சும்மா தலையாட்டறது இல்ல. ரெண்டு குரல் சேர்ந்து ஒலிக்கிறது.

மனைவி: அதுக்கு யாரையோ உதாரணம் சொன்னீங்க.

போதகர்: ...நம்மளை.

மனைவி: "நானும் என் மனைவியும் ஒருமனப்பட்டு, நான் மட்டும் ஒரு வருஷம் வெளிநாட்டுக் கல்லூரிக்குப் போய்க் கிரேக்கம் கற்பிக்கத் தீர்மானித்திருக்கிறோம்." நான் சம்மதிச்ச விஷயம் எனக்கே அங்கதான் தெரிஞ்சது.

போதகர்: அது எழுதி வச்சதுல இல்ல. பேச்சு வேகத்துல... வாய் முந்திக்கிச்சு.

மனைவி: முன்வரிசை அக்கா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எவ்வளவு பெரிய மனசு உனக்கு"ங்கிறாங்க. நான் என்ன செய்ய? தலையை ஆட்டினேன்.

போதகர்: நேத்தே சொல்லலாம்னுதான் சமையலறைக்கு வந்தேன்.

மனைவி: வந்து?

போதகர்: வெங்காயம் உரிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டேன்.

மனைவி: அப்பவே நினைச்சேன். நீங்களா வந்து வெங்காயத்தைத் தொட்டா, பின்னால பெருசா ஏதோ வருதுன்னு.

போதகர்: கேட்டா நீ சரின்னுடுவே. எதுக்குத்தான் நீ சரி சொல்லல? அந்தச் சரியை வாங்கிக்கிட்டு விமானம் ஏற எனக்கு மனசு வரல.

மனைவி: கேக்காம ஏற மட்டும் வந்துச்சாக்கும். ஒயர் போதும், கழுத்தை நெரிக்காதீங்க அதை. அந்தக் கல்லூரியில வீட்டைப் பத்தி உங்ககிட்ட கேட்டாங்களா?

போதகர்: எந்த வீடு?

மனைவி: போன மாசம் வீட்டுக்குப் போன் வந்தது. நானும் கூட வர்றேனா, குடும்பமா இருக்க வீடு ஒதுக்கணுமா, இல்ல ஒரு அறை போதுமான்னாங்க. அவர்கிட்டயே கேட்டுக்கங்கன்னுட்டேன்.

போதகர்: அப்போ... உனக்கு ஒரு மாசமாத் தெரியும்.

மனைவி: நீங்க என்ன சொன்னீங்க?

போதகர்: ஒரு அறை போதும்னேன்.

மனைவி: ம்.

போதகர்: உனக்கு இங்க பாட்டுக்குழு இருக்கு. அந்தப் பொண்ணுங்க இப்பதான் வாயைத் திறந்து பாடுதுங்க... நீ எங்க வரப்போறேன்னு நானே...

மனைவி: நீங்களே.

போதகர்: ஆமா. உன் குரலையும் நானே பாடிட்டேன். அதுவும் பூனை மாதிரி.

மனைவி: அப்படித்தான் இருந்தது.

போதகர்: இப்போ கேக்கறேன். எனக்கு ஆசை இல்லைன்னு சொன்னா பொய். ரொம்ப நாள் ஆசை. நீ கூட வர்றியா? இல்ல, நான் மட்டும் போயிட்டு வரட்டுமா? தலையை ஆட்டாதே. எதுவா இருந்தாலும் வாயால சொல்லு.

மனைவி: போன் வந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும். சுயநலம்னு நினைப்பீங்களோன்னு வாயை மூடிக்கிட்டேன். நான் வரல. அந்தப் பொண்ணுங்களை விட்டுட்டு வர எனக்கு இஷ்டம் இல்ல. ஒரு வருஷம் நீங்க இல்லாம இருக்கவும் இஷ்டம் இல்ல. போகாதீங்க.