மூன்றாவது பார்சல்

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் மடியில் பிரித்த பார்சல், அதற்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி.

“மிஷின் போர்டுல இருக்குற சிப்புக்கு புரோகிராம் ஏத்தத்தான் இத ஆன்லைன்ல வாங்குனேன். இதுக்கே புரோகிராம் ஏத்தாம அனுப்பியிருக்கான்.”

“அப்ப நீங்க ஏத்துங்க.”

“ஏத்தணும்னா இதே மாதிரி இன்னொண்ணு வேணும்.”

“ரெண்டு வாங்குனீங்கல்ல?”

“ரெண்டும் காலி.”

எஞ்சினியரிங் படித்தவன் என்று சொல்லித் திரிகிற எனக்கு இந்த இடத்திலேயே தலை சுற்றியது.

“நாளைக்குள்ள பேக்கிங் மிஷின் ஓடலன்னா ஓனரு வேற ஆளப் பாத்துக்குவாரு. மூணாவதா ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன், வர நாலு நாளாவும்.”

“அதுவும் காலியா வந்தா?”

அவர் பார்சலை மூடினார்.

“எங்கண்ணன்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குல்ல, அது நல்லாதான ஓடுது. அத வாங்கியாந்து இதுல ஏத்துங்களேன்.”

“உங்கண்ணன் கூட பேசி ரெண்டு வருஷமாவுது. ஒண்ணுக்கு ஏத்த இன்னொண்ணு வேணும்னா, மொதமொதல்ல செஞ்சான் பாரு, அவன் யாருகிட்ட போயி நின்னான்?”

“அவன் மச்சான் கூட சண்ட போடாதவனா இருப்பான்.”

அந்த முதல் ஆளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில், நான் இறங்க வேண்டிய பெரிய மார்க்கெட் போயே போய்விட்டது. பதறி எழுந்தபோது முன்சீட்டில் அவரும் எழுந்தார்.

“உங்கண்ணன் இந்நேரம் வூட்ல இருப்பாரா?”