ரெண்டு பேர் கூடாரம்

— அப்படிச் சுருட்டாதே. சுருட்டினா மடிப்பு விழும், அந்த மடிப்புலதான் தண்ணி ஒழுகும். கூடாரத்தைக் கொத்தாப் பிடிச்சுப் பைக்குள்ள திணிக்கணும். சொல்றதக் கேளு.

— ஆகட்டும்.

— ஆகட்டும்னு சொல்லிக்கிட்டே சுருட்டுறியே! இங்க தள்ளு. சக்கர நாற்காலியில உக்காந்திருந்தாலும் கை நல்லாத்தான் இருக்கு.

— கைக்கு என்ன குறைச்சல். வாய்க்கும் ஒரு குறைச்சலும் இல்ல. இந்தாங்க, திணிங்க. இத்தனை வருஷம் உங்க பையை நான் கட்டினேன். ஒரு தடவை என் பையை நீங்க கட்டுங்க.

— நீ கட்டினது துணி மூட்டை. இது மலை. பொம்பளை தனியாப் போற இடமா அது?

— தனியாப் போறேன்னு யார் சொன்னா? மலை தெரிஞ்சவங்களோடதான் போறேன்.

— யாரு, நீ வேலை பாக்குற கிளினிக் பல் டாக்டரா? அந்த ஆளு சொத்தைப் பல்லைத் தவிர வேற பள்ளத்தையே பாத்ததில்ல.

— பள்ளத்தைப் பத்தி நீங்க பேசறீங்களா? அத்தனை மலை ஏறி இறங்கினீங்க, உடம்புல ஒரு கீறல் இல்ல. கடைசியில டிப்போவுல, பஸ்ஸுக்கு அடியில நின்னு வேலை பாக்குற பள்ளத்துல விழுந்தீங்க. அதுவும் யாரோ ஒரு மெக்கானிக்கைத் திட்டிக்கிட்டே பின்னாடி நடந்து.

— குத்து. நல்லாக் குத்து. கால்லதான் உணர்ச்சி இல்ல, மத்த இடத்துல எல்லாம் இருக்கு.

— அண்ணி, கம்பளிக் காலுறை காஞ்சிடுச்சு, எடுத்தாந்துட்டேன். ஐயையோ, ரெண்டு பேரும் ஆரம்பிச்சாச்சா? நான் ஒண்ணும் சொல்லல. ஆனா விடிஞ்சதுல இருந்து இப்படியே கத்திக்கிட்டு இருந்தா, மேல் வீட்டுக்காரங்க இறங்கி வந்துடுவாங்க.

— வாம்மா தங்கச்சி. நீயாவது உன் அண்ணிக்குப் புத்தி சொல்லு.

— நான் ஒண்ணும் சொல்லலண்ணே. ஆனா ஒண்ணு. கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து அண்ணி இந்த வீட்டை விட்டு வெளிய எங்கயாவது தங்கினாங்களா? மூணு ராத்திரிதானே? உங்களப் பாத்துக்கத்தானே நான் பெட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கேன்.

— ராத்திரியில என்னைத் திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லைன்னா முதுகு புண்ணாயிடும். உன்னால முடியாது.

— வீட்ல பீரோவையே நான் ஒருத்தியா நகத்துறவ. நீங்க என்ன பீரோவை விடக் கனமா? பீரோவாவது பேசாது.

— சிரிக்கிறா பாரு உன் அண்ணி. எத்தனை நாளாச்சு இவ சிரிச்சு! நான் விழுந்தப்புறம் இன்னைக்குத்தான் சிரிக்கிறா. ஊரை விட்டுக் கிளம்பணும்னா சிரிப்பு வருது.

— வரத்தான் செய்யுது. ஒளிச்சு வைக்கவா முடியும்?

— சரி, கேட்டுக்கோ. மழை இப்பத்தான் விட்டிருக்கு. மேல இலையெல்லாம் பழுக்க ஆரம்பிச்சிருக்கும். மஞ்சளும் சிவப்புமா, கண்ணை எடுக்க முடியாது. பகல்ல வெயில் வேற சுள்ளுனு அடிக்கும். ஏமாந்துடாதே. பொழுது சாஞ்சா குளிர் எலும்புக்குள்ள வந்து குடியேறிடும். பருத்தித் துணி ஒண்ணு கூட வேண்டாம். நனைஞ்சா காயவே காயாது.

— பருத்தி எதுவும் எடுக்கல. தாழ்வான இடத்துல கூடாரம் போடக் கூடாது, குளிர் அங்கதான் இறங்கித் தேங்கும். அடுப்பைக் கூடாரத்துக்குள்ள பத்த வைக்கக் கூடாது. சாப்பாட்டு மூட்டையைத் தூரத்துல மரத்துல ஏத்திக் கட்டணும். சரிதானே?

— இதெல்லாம் யார் சொன்னது உனக்கு?

— நீங்க சொல்லல.

— அதான் கேக்கறேன். யாருடி சொன்னது?

— கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க ஒவ்வொரு தடவை திரும்பி வந்தப்பவும் நான் வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். என்ன சொல்வீங்க? "இலை அழகா இருந்துச்சு, சாப்பாடு போடு." அவ்வளவுதான்.

— அங்க கரடி இருக்கு. தெரியுமா?

— இருக்கட்டும். கரடியோட குடும்பம் நடத்திப் பழக்கம்தான்.

— ஐயோ அண்ணி! நான் ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் சொல்லல. அண்ணே, முறைக்காதீங்க, தானா சிரிப்பு வந்துடுச்சு.

— சிரிங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சிரிங்க. என் வாத்தியார் மட்டும் இங்க இருந்தா, இந்தக் கூத்துக்கு ஒத்துக்கவே மாட்டார்.

— யாருண்ணே, உங்களோட வருஷா வருஷம் மலைக்கு வருவாரே, அவரா?

— அவரேதான். மலைன்னா என்னன்னு எனக்கு அரிச்சுவடியில இருந்து கத்துக் குடுத்த மனுஷன். முடிச்சுப் போடறது, மேகத்தைப் பாத்து மழை சொல்றது, எல்லாம். அதனாலதான் நான் வாத்தியார்னு கூப்பிடுவேன். நாங்க ரெண்டு பேரும் ஏறாத மலை கிடையாது.

— நான்தான் ஒரு தடவை கூடப் பாத்ததில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்கன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்?

— அவருக்கு ஜனங்களோட பழகறது பிடிக்காது. ஒதுங்கின சுபாவம்.

— கண்ணால பாக்காத மனுஷனுக்கு வருஷா வருஷம் பலகாரம் கட்டிக் குடுத்தேன். அவருக்கு முந்திரி போட்டா ரொம்பப் பிடிக்கும்னு நீங்க சொன்னதும், நம்ம பிள்ளைங்களுக்கு எண்ணி எண்ணிக் குடுத்துட்டு அவருக்கு அள்ளிப் போட்டேன். ஒரு தடவை கம்பளித் தொப்பி பின்னிக் குடுத்தேன். ஞாபகம் இருக்கா? தலை அளவு கேட்டதுக்கு, "சின்னத் தலைதான்"ன்னீங்க.

— ஆமா, பின்னே? வாத்தியார் மெலிஞ்ச உடம்பு.

— நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்ப டிப்போவே திரண்டு வந்துச்சு. நீங்க திட்டின மெக்கானிக் கூட வந்து அழுதான். மெலிஞ்ச உடம்புக்காரர் மட்டும் எட்டிப் பாக்கலையே?

— அதான் சொன்னேனே. வெளிநாட்டுல மகன் வீட்டோட போயிட்டார். தகவல் போயிருக்காது.

— நீங்க ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே.

— இடுப்பு ஒடிஞ்சு கிடக்கறவன் போனா போட்டுக்கிட்டு இருப்பான்? விடு. மனுஷங்க அவ்வளவுதான். நடக்கற வரைக்கும்தான் கூட்டு. தங்கச்சி, அந்த ஸ்லீப்பிங் பேக்கை எடு. ரெண்டுல பச்சையை மட்டும் எடு, இவளுக்கு ஒண்ணு போதும்.

— ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்குண்ணே. ஜிப்பு ரெண்டும் மாட்டிக்கிச்சா? அண்ணி, இதைப் பாருங்களேன், நடுவுல ஜிப்பு போட்டு ஒரே பையா ஆக்கி வெச்சிருக்கு.

— ஆமா. முழுசா விரிச்சா நம்ம கட்டில் அளவு வருது. உள்ள ரெண்டு பேர் தாராளமாப் படுக்கலாம். ஏங்க, இப்படித்தான் படுப்பீங்களா நீங்களும் வாத்தியாரும்?

— உயிர் போற குளிர்ல அப்படித்தான் படுக்கணும். ஒருத்தர் சூடு ஒருத்தருக்கு. மலையேறுறவங்க எல்லாரும் செய்யறதுதான். உனக்கு என்ன தெரியும்?

— ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் போறேன்.

— அண்ணி, சாப்பாட்டுப் பையைக் கட்டி வெச்சுட்டு வரேன். நீங்க நிதானமாப் பேசுங்க. நிதானமாண்ணே, நான் ஒண்ணும் சொல்லல.

— ...என்ன பார்க்கற என்னையே? பையில வேற என்ன வைக்கணும்? நெத்தியில கட்டுற டார்ச்?

— வெச்சாச்சு. ஏங்க, சின்னவ பொறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?

— ஆரம்பிக்காதே. டாக்டர் குடுத்த தேதிக்கு இன்னும் நாள் இருந்துச்சு.

— இதே மாசம்தான். இலை பழுக்கற மாசம். பக்கத்து வீட்டுக்காரர் கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனாங்க. பெரியவன் பின் சீட்டுல உக்காந்து, "அம்மா செத்துடாதே, அம்மா செத்துடாதே"ன்னு வழி முழுக்க அழுதான். நீங்க இறங்கி வந்து குழந்தையைப் பாத்துட்டு முதல் வார்த்தை என்ன சொன்னீங்க தெரியுமா? "இந்த வருஷம் பனி சீக்கிரமே விழுந்துடுச்சு."

— நான் நல்ல புருஷனா இல்ல. சரியா? ஒத்துக்கறேன். ஆனா நான் குடிச்சேனா, அடிச்சேனா? சம்பளத்தைக் கொண்டு வந்து கையில குடுத்தேன். வருஷத்துல ஒரே ஒரு வாரம் எனக்குன்னு வேணும்னு நினைச்சேன். அதுக்குக் கால் ரெண்டையும் வாங்கிட்டான் ஆண்டவன். இன்னும் என்ன தண்டனை வேணும் உனக்கு?

— கால் போனது தண்டனை இல்லீங்க. பின்னாடி பாக்காம நடந்தது. அதுக்குத் தண்டனைன்னு பார்த்தா எனக்குத்தான். நாலு வருஷமா உங்களக் குளிப்பாட்டுறேன், துடைக்கிறேன், தூக்கி உக்கார வைக்கிறேன். அதைச் சொல்லிக் காட்டல. எந்தப் பொண்டாட்டியும் செய்யறதுதான்னு நினைச்சுச் செஞ்சேன். இப்பவும் செய்வேன்.

— இங்க வா. கிட்ட வாயேன். உன்னை ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போயிருக்கணும். போற வழியில ஒரு ஏரி வரும். காலையில புகை மாதிரி எழும்பும் பாரு... அங்க நிக்கறப்பல்லாம், அவளும் இதைப் பாத்தா எப்படி இருக்கும்னு நினைப்பேன். சத்தியமா.

— கல்யாணம் ஆன புதுசுல நானே கேட்டேன். உனக்கு மூச்சு வாங்கும்னீங்க.

— சொன்னேன். தப்பு. போயிட்டு வா. நல்லாப் பாத்துட்டு வா. திரும்பி வருவேல்ல?

— வருவேன். பயப்படாதீங்க.

— பயம் எல்லாம் இல்ல.

— அண்ணி! கீழ ஒரு காரு வந்து நிக்குது. ஹாரன் அடிக்கிறாங்க. உங்களுக்குத்தானா?

— எனக்குத்தான். நீ இந்தப் பெரிய பையை லிஃப்டுல கொண்டு போய்க் குடும்மா. இதோ வந்துடறாங்கன்னு சொல்லு.

— சரி அண்ணி. அம்மாடி, என்னா கனம்!

— யாருன்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டியா? எந்த நம்பிக்கையில உன்னை அனுப்புறது?

— சொல்றேன். போன மாசம், நீங்க மத்தியானம் தூங்கிட்டு இருந்தப்ப, ஒருத்தங்க வந்து வாசல் மணி அடிச்சாங்க. நாலு வருஷம் முன்னாடி திடீர்னு உங்க போன் நின்னு போச்சுன்னு தேடித் தேடி, கடைசியில டிப்போவுல விசாரிச்சு விலாசம் வாங்கினாங்களாம். நான் சேலை நனைஞ்சு, கையில உங்க துணி வாளியோட கதவைத் திறந்தேன். என்னைப் பாத்துட்டு, "நீங்க இங்க வேலை செய்யறவங்களா?"ன்னு கேட்டாங்க.

— யாரு... யாரு அது?

— கோவமே வரல எனக்கு. இவரோட சம்சாரம்னு சொன்னேன். அவ்வளவுதான், அவங்களுக்கு முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாங்க. நான்தான் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். அதுக்கப்புறம் கிளினிக் முடிஞ்சு தினம் பேசறோம். மலையப் பத்தி, முடிச்சுப் போடறதப் பத்தி, முந்திரி போட்ட பலகாரத்தைப் பத்தி.

— இரு. போகாதே. நான் சொல்றதக் கேளு...

— கேட்டாச்சு. கதவை ஒருக்களிச்சு வெச்சுட்டுப் போறேன், தங்கச்சி வந்துடுவா.

— அவ சொல்றதை எல்லாம் நம்பாதே! ஏய், நில்லு! ஹாரன் அடிக்கிறது யாருன்னு சொல்லிட்டுப் போ!

— உங்க வாத்தியார்தாங்க. எப்பவோ செத்துப் போயிட்டதா நீங்க அவகிட்ட சொன்ன பொண்டாட்டியை, மலைக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கா.