மகள் கடிக்காத கிழமை

லாசாலுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“அக்கா, இந்தக் கிழமை ஏழு நாளும் மகள் என்னைக் கடிக்கவேயில்லை.”

“மருந்தைக் கூட்டினவையோ?”

“இல்லை. அவளுக்கு ஓட்டிசம், வாய்ப்பேச்சும் இல்லையெல்லே. உதவிக்கு வாற பிள்ளை, எப்பெப்ப கடிக்கிறாள் எண்டு கவனிச்சுப் பார்த்துது. நான் கிரைண்டர் போடேக்கைதான். அந்தச் சத்தம் அவளுக்குத் தாங்கேலாதாம். கையைக் காட்டி ‘நிப்பாட்டு’ எண்டு சொல்லப் பழக்கினது.”

“காட்டுறாளோ?”

“ஓம். நேற்று சம்பல் அரைக்கேக்கை ஓடிவந்து காட்டினாள். நான் உடனே நிப்பாட்டினன். என்ர முகத்தையே பார்த்துக்கொண்டு நிண்டாள்.”

“பேந்து?”

“பேந்தென்ன, அரைகுறையாய் அரைபட்ட சம்பலோடதான் சாப்பிட்டம். அவளுக்கு இருபத்தாறு வயசு, அக்கா. அவள் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல்தரம்.”