தாய்மொழி என்ற கட்டம்

புதுக்கோட்டையிலிருந்து கீரனூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் மடியில் ஒரு ஃபைல்.

"எங்க தெருவுல தெலுங்குப் பிள்ளையே கெடையாதாம்க்கா. கல்வி ஆபீஸ்ல சொல்றாங்க."

"தெரு பூராவும் வீட்டுல தெலுங்குதானே பேசுறீங்க?"

"ஆமா. வகுப்புல பத்துப் பிள்ளைக இருந்தா தெலுங்கு வாத்தியார் கேக்கலாமாம். ஒண்ணாப்புல மட்டும் எங்க பிள்ளைக பன்னெண்டு. மனுவ வாங்கிட்டு ரிஜிஸ்தரப் பாத்தாங்க. அம்புட்டுப் பேருக்கும் தாய்மொழி தமிழ்னு இருக்கு."

"ஸ்கூல்ல தப்பா எழுதிட்டாங்களா?"

"அட்மிஷன் ஃபாரத்துல இருந்ததத்தான் எழுதியிருக்காங்க."

"அப்ப ஃபாரத்த எழுதுனது யாரு?"

அவர் ஃபைலைக் கைப்பைக்குள் வைத்தார்.

"நாந்தான். கையெழுத்து நல்லா இருக்குன்னு எல்லாரும் ஏங்கிட்ட கொண்டாந்தாங்க. சேக்குறது தமிழ் ஸ்கூல்தானேன்னு யாரையும் கேக்காம அந்தக் கட்டத்துல தமிழ்னு போட்டுட்டேன்."

"தெருவுல தெரியுமா?"

"தெரியாது. ஸ்கூல் மேல புகார் குடுக்கணும்னு சாயந்தரம் எங்க வீட்டுல கூடுறாங்க. அதையும் நாந்தான் எழுதணுமாம்."