வெந்நித் தவலை

"…கொண்டாந்து குடுத்துட்டாளாம், அந்தத் தெருமுனை வீட்டுச் சின்னப்பிள்ள! எம் மூஞ்சியப் பாத்துச் சொன்னா தாயி, 'அன்னைக்கே கொண்டாந்து வச்சுட்டேன் பிரகதி'ன்னு. வச்சா எங்க போகும்? தவலைக்கு என்ன காலா மொளைச்சிருக்கு, எந்திரிச்சு நடந்து போக? ஏ, அங்கிட்டுத் தேய்க்காத, இங்கிட்டு… கழுத்தோரம்… ஆங், அப்பிடி!"

செவந்தி தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தெருவுக்குக் குடிவந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. கைப்பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் போடுவதற்கு ஒரு பெரிய ஏனம் கிடைக்குமா என்று பக்கத்து வீட்டு பிரகதீஸ்வரி அக்காவிடம் கேட்க வந்தாள். கேட்டு முடிக்கவே அரை மணி நேரம் ஆகிவிட்டது. "வெந்நி அடுப்புல ஒன்னு கெடக்கு. எங்களுக்குத்தான் ஹீட்டர் வந்துருச்சே, தேச்சு எடுத்து நீயே வச்சுக்க" என்று அக்கா சொன்னதும் சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. வந்திருந்தாலும் இடம் கிடைத்திருக்காது.

அந்த ஏனத்தைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டு, ஓட்டுச்சில்லால் கரியைச் சுரண்டி, புளியும் செங்கல்தூளும் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வேப்பமர நிழலில் தூங்கியது.

"கம்பிநாரு வேணாம் தாயி, கோடு விழும். தேங்காநாருதான். நான் ஒரு ஏனத்தையும் கரியோட அடுக்குனதே இல்ல… இது வெந்நி ஏனம், இத யாரு பாத்தா? பழைய குண்டான் ஓட்டையாப் போச்சுன்னு எங்க வீட்டுக்காரரு கொல்லையில கெடந்த எதையோ தூக்கி வச்சாரு. அந்த மனுசன் எதத்தான் எங்கிட்டக் கேட்டுச் செஞ்சாரு? முருங்கையில ஒரு கெளைய வெட்டுங்கன்னா, மரத்தையே… சரி, அது கெடக்கட்டும். எதுல விட்டேன்? ஆங், சின்னப்பிள்ள! எங்கப்பாரு என் கல்யாணத்துக்குத் திருமயத்துல எடுத்து, பேரு வெட்டிக் குடுத்த பித்தளைத் தவலை தாயி அது. புளி போட்டு வெளக்குனா அதுல மொகம் பாத்துப் பொட்டு வைக்கலாம். அவ மக ரம்யா கல்யாணத்துக்கு இரவல் கேட்டா. ஒரே தட்டுல தின்னு வளந்தவளாச்சேன்னு குடுத்தேன். அதோட போச்சு! மூனு வருசமா பேச்சில்ல. அவ பால்குடம் எடுத்தா, நான் நாலு வரிசை தள்ளிப் போயி நிக்கிறேன்…"

செவந்தியின் கை நின்றது. கரி விலகிய இடத்தில் மஞ்சள் தெரிந்தது. மஞ்சளுக்குள் புள்ளி புள்ளியாக எழுத்து. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். பி… ர… க…

சட்டென்று கட்டைவிரலால் மூடிக்கொண்டாள். இதைக் காட்டினால் ஏனம் போய்விடும். பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கு அந்த ரம்யாவுக்கு வளைகாப்பு. முந்தாநேத்து அவ ஆத்தாக்காரி வாசல்ல வந்து நின்னு கூப்புட்டா. 'தவலையக் கொண்டாந்தியா?'ன்னு கேட்டேன். ஒரு வார்த்த பேசல, கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போயிட்டா. போகட்டும், எனக்கென்ன! பச்சை வளவி ரெண்டு டஜன் வாங்கி வச்சேன்… அது கெடக்கு பீரோவுல. அந்தப் புள்ள பொறந்தப்ப, இந்தக் கையாலதான் தாயி வெந்நி ஊத்திக் குளிப்பாட்டுனேன்…"

செவந்தி விரலை எடுத்தாள். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, தவலையை அக்கா பக்கம் உருட்டினாள்.

"என்ன, நிறுத்திட்ட? கை வலிக்கிதா? அந்தக் காலத்துல நாங்க… ஏ, என்னது அது… மஞ்சளா…"

அக்கா குனிந்து அந்த எழுத்தை விரலால் தடவினாள். வேப்பமரத்துக் காக்காய் கத்தியது கூடக் கேட்டது.

"அப்ப… கல்யாணக் கரியோட கொல்லையில வச்சுட்டுப் போயிருக்கா… இந்த மனுசன் அதத் தூக்கி அடுப்புல… மூனு வருசமா இதுலயே மொண்டு குளிச்சுக்கிட்டு, அவளத் திருடின்னு… அடி ஆத்தா! தாயி, நீ நல்ல புள்ளயில்ல? அந்தப் பேரு மேல திரும்பக் கரியப் பூசிரு."

செவந்தி இன்னொரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். பிரகதீஸ்வரி என்று முழுப்பேரும் பளிச்சென்றது.

"ஊமக்கோட்டான்டி நீ!"

அக்கா வீட்டுக்குள் ஓடினாள். பட்டுச்சேலையை அள்ளிச் செருகியபடியே திரும்பி வந்தாள். வளையல் பொட்டலத்தைத் தவலைக்குள் போட்டு, பாதி மஞ்சளும் பாதி கரியுமாக அதைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "ஒனக்கு அடுக்களையில சில்வர் அண்டா இருக்கு, எடுத்துக்க. கேக்காம எடுத்துக்க!" என்றவள் நடையைக் கட்டினாள். பட்டுச்சேலையெல்லாம் கரி.

பிள்ளை முழித்துக்கொண்டு சிணுங்கியது. செவந்தி கைக்கரியைத் தொட்டு அதன் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். தெருமுனையிலிருந்து அக்காவின் குரல் வந்தது:

"அடியே சின்னப்பிள்ள! வெளிய வாடி! இரவல் வாங்குனா தேச்சுக் குடுக்கணும்னு தெரியாது ஒனக்கு? நீ அன்னைக்குத் தேச்சுக் குடுத்திருந்தா, நமக்குள்ள இம்புட்டு வந்திருக்குமாடி?"