முப்பத்தெட்டு பேருக்கு ஒரே கூம்

சிரிக்காதீங்க, பஸ்ஸே திரும்பிப் பாக்குது. நெசமாத்தான் சொல்றேன். பொண்ணே பாக்காம கல்யாணத்துக்கு ஆள் கூப்பிட்டவன் செர்பியா முழுக்கத் தேடினாலும் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். வயசா? நாப்பத்திநாலு. இல்லீங்க, மூளையெல்லாம் சரியாத்தான் இருக்கு. வேலை போயிரும்னு பயம் வந்துட்டா மனுஷன் என்ன வேணா பண்ணுவான், அவ்ளோதான்.

மொதல்லேருந்து சொல்றேன். எனக்குக் குடமிளகா ஃபாக்டரியில வேலை. ஆமா, பாலத்துக்கு அந்தப் பக்கம், காத்தடிச்சா ஊரே சுட்ட மிளகா வாசம் அடிக்குமே, அதேதான். சுட்டு அரைச்ச விழுது பாட்டில்ல ரொம்பி வரும், நான் மூடி போடற மெஷின்ல நிப்பேன். பதினெட்டு வருஷம். எங்க தெருவுல எவன் வீட்டு பாட்டில் தொறக்கலேன்னாலும் என் வீட்டுக் கதவத்தான் தட்டுவான்.

போன மாசம் முதலாளிங்க வெளிநாட்டுலேருந்து ஒரு பொண்ண அனுப்பினாங்க. அந்தப் பொண்ணு எங்க முப்பத்தெட்டு பேருக்கும் ஆளுக்கொரு பலூன் குடுத்துச்சு. ஊதுங்கன்னுச்சு, ஊதினோம். அதுக்குள்ள இருக்கறது உங்க கவலை, விட்ருங்கன்னுச்சு. விட்டோம். பர்ர்ருன்னு பறந்துச்சு. ஃபோர்மேன் ராடிஸாவோட பல்செட்டும் கூடவே பறந்துச்சு. அப்புறம் சொல்லுது, உங்கள்ல பதினொரு பேர வேலையவிட்டு எடுக்கப் போறோம்னு.

யார எடுக்கறதுன்னு லிஸ்டு போட வேண்டியவரு எங்க டைரக்டர் டிஹோமிர். குண்டா இருப்பாரு, நல்ல மனுஷன். எதுத்தாப்ல யாராவது அழுதா கூடச் சேந்து அழுதுருவாரு. நான் காப்பி நேரத்துல உக்காந்து யோசிச்சேன். இவரால யார எடுக்க முடியாது? சொந்தக்காரன எடுக்க முடியாது. எனக்கும் அவருக்கும் சொந்தம் கெடையாது. சரி, ஆக்கிட்டாப் போச்சு! நேரா ரூமுக்குப் போயி, ஐயா, எனக்குக் கல்யாணம், நீங்கதான் கூம்னுட்டேன்.

ஆங், உங்களுக்குப் புரிஞ்சுருச்சு பாருங்க! மாப்ள பக்கத்துல சாட்சியா நிக்கக் கூப்பிட்டுட்டா எவனாலயும் மாட்டேன்னு சொல்ல முடியாதே. சொன்னா வம்சத்துக்கே ஆகாதும்பாங்க. நின்னுட்டாலோ, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கூம், கூடப்பொறந்தவனுக்கும் மேல. அவன வேலையவிட்டுத் தூக்கினாருன்னு பேரு வந்தா அப்புறம் சந்தையில தல காட்ட முடியுமா?

டைரக்டர் எந்திரிச்சு வந்து, கன்னத்துல மூணு முத்தம் குடுத்துட்டு, பொலபொலன்னு அழுதாரு. அதுவரைக்கும் அவர யாருமே கூமா கூப்பிட்டதில்லியாம். பொண்ணு யாருன்னு கேட்டாரு. ஆஸ்திரியாவுல வேலை பாக்குதுன்னேன்.

நான் அவரக் கூமா கூப்பிட்டது எப்படியோ வெளிய கசிஞ்சுருச்சு. மறுநாளே ராடிஸாவ் கெளம்பிட்டாரு. அவங்கப்பா அந்தக் காலத்துக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரரு, பையனுக்கு ஞானஸ்நானமே குடுக்கல. அம்பத்தெட்டு வயசுல எனக்கு ஞானஸ்நானம், நீங்கதான் கூம்னு போயி நின்னாரு. லேபிள் ஒட்டற டோப்ரிலா புருஷன விவாகரத்து பண்ணி ஒம்பது வருஷமாச்சு, அவனையே திரும்பக் கட்டிக்கறேன்னு சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா. பாவம், சர்ச்சுல நிக்கற வரைக்கும் அந்தாளுக்கு என்ன நடக்குதுன்னே தெரியல. குடோன்ல ஷிவோயின் இருக்கான், முழு மொட்டை. கொழந்தைக்கு மொத முடி வெட்டறதுக்கும் கூம் உண்டில்ல? எனக்குச் சின்ன வயசுல யாரும் முறையா வெட்டலன்னு தலைய நீட்டிட்டான். டைரக்டர் கத்திரிக்கோல வெச்சுக்கிட்டு அரைமணி நேரம் முடியத் தேடினாரு. கடைசியில காதுல கெடச்சுது.

மூணு வாரத்துல இருபத்தேழு பேருக்கு அவருதான் கூம். மிச்சம் பதினொண்ணுன்னு கணக்குப் போடறீங்க, தெரியுது. அவங்களும் போட்டாங்க. மறுநாள் காலையில அந்தப் பதினொரு பேரும் ரூம் வாசல்ல வரிசையா நிக்கறாங்க.

எல்லாரும் சடங்க முடிச்சுட்டாங்க, நான் ஒருத்தன்தான் பாக்கி. டைரக்டர் தினமும் மெஷின்கிட்ட வந்து, எப்படா பொண்ணு வருதும்பாரு. மோதிரம் வாங்கிட்டாரு. பாண்டு வாத்தியத்துக்கும் சொல்லிட்டாரு. நான் என்ன பண்ணுவேன்? பொண்ணோட அத்தை செத்துட்டாங்கன்னேன். அடுத்த வாரம் இன்னொரு அத்தையக் கொன்னேன். மூணாவது அத்தைக்கு அவரு மெழுகுவத்திய வாங்கிட்டு வந்து, எந்தக் கல்லறைன்னு நிக்கறாரு. வசமா மாட்டிக்கிட்டேனா, அப்ப வாய் தவறி, பொண்ணு இங்கயேதான் இருக்குன்னு ஒரு பேரச் சொல்லிட்டேன். என்ன பேரா? இருங்க, வர்றேன்.

அதுக்குள்ள லிஸ்டு எங்கன்னு முதலாளிங்க போன் மேல போன் போட்டாங்க. இவரு வெத்துத் தாள அனுப்பினாரு. இங்க இருக்கறவங்க எல்லாரும் என் கூம், யாருக்கு எதிராவும் கையெழுத்துப் போட மாட்டேன்னு எழுதிட்டாரு. முந்தாநேத்து பதில் வந்துச்சு. மொதப் பேரு டைரக்டர். கீழ பதினொரு பேரு, அவங்களே அங்க உக்காந்து பொறுக்கினது. நாலாவது நான்.

ஆமாங்க, போயிருச்சு. சொல்ல வாய் வரல, அதான் சுத்தி வளைச்சேன்.

என் வேலை போனதகூட விடுங்க. எங்க பித்தலாட்டத்துல அந்த மனுஷன் கவுந்துட்டாரே. நேரா அவரு வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஆஸ்திரியா பொய், அத்தைங்க பொய், உங்க லிஸ்டுலேருந்து தப்பிக்கத்தான் எல்லாம்னேன். அவங்கம்மாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு கதவச் சாத்திட்டு என்னக் கண்டபடி திட்டினாரு. அப்புறம் பிளம் சாராயத்த ரெண்டு கிளாஸ்ல ஊத்தினாரு. டேய் ஒப்ராட், வேலைதான்டா போச்சு, நான் இன்னும் உன் கூம்தான், ஞாயித்துக்கெழமை பத்தரைக்குப் பாண்டு வருதுன்னாரு. பொண்ணே இல்லியேன்னேன். பொண்ணு பொய்யில்ல, நானே போயிப் பாத்தேன்னாரு.

எங்க பாத்தாரா? வெள்ளிக்கெழமை உங்க ஜன்னலுக்கு ஒரு குண்டு மனுஷன் வந்து, ஒரே ஒரு கவர் வாங்கிட்டு, கால் மணி நேரம் உங்களயே பாத்துட்டு நின்னு, கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போனாரே? அவருதான். நான் சொன்ன பேரு அதுதாங்க. ஸ்மில்யா, தபாலாபீஸ், ரெண்டாவது ஜன்னல். மன்னிச்சுருங்க.

வாராவாரம் பத்து ஸ்டாம்ப்பு வாங்குவேனே, ஞாபகம் இருக்கா? எனக்கு லெட்டர் போட ஒரு ஆள் கெடையாது. வீட்ல நானூறு ஸ்டாம்ப்பு கெடக்கு.

வேலையக் காப்பாத்திக்க உங்களக் கேக்கறது அசிங்கமா இருந்துச்சு. அதான் பேசாம அத்தைங்களாக் கொன்னுக்கிட்டு இருந்தேன். இப்ப வேலையே இல்ல, உங்களக் கட்டிக்கறதால எனக்குச் சல்லிக்காசு லாபம் கெடையாது. இப்பதான் கேக்கத் தைரியம் வந்துச்சு. ஞாயித்துக்கெழமையேன்னு சொல்லல, பாண்டுக்காரங்கள நான் பாத்துக்கறேன். மொதல்ல ஒரு காப்பி குடிப்போம், போதும்.

அவசரமில்ல, நல்லா யோசிச்சே சொல்லுங்க. ஏங்க... உங்க ஸ்டாப்பு அப்பவே போயிருச்சே?