வலைக்கு அந்தப் பக்கம் கன்றுக்குட்டி

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். காக்கிச் சட்டை போட்டவருக்கு மலேரியா ஆபீஸில் வேலை. மற்றவர் அவருடைய மனைவியின் அண்ணன் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

“மாட்டக் கடிக்கிற கொசுவுக்கப் பிள்ளையளும் மாட்டத்தான் கடிக்குமாண்ணு பாக்கியோம், அத்தான்” என்றார் காக்கிச் சட்டைக்காரர்.

“அதுக்கு நீரு என்னத்துக்கு, மாப்பிள?”

“ராத்திரி வலைக்குள்ள ஒரு பக்கம் நான் இருப்பேன், மறுபக்கம் கண்ணுக்குட்டி. நடுவில கொசுவ விடுவாவ. எது எங்க போகுதுண்ணு தெரிஞ்சா காய்ச்சல ஒழிக்க வழி உண்டாம்.”

“பிள்ளை தாய் போற வழிக்குத்தான் போவும். இதுக்கு ஆராய்ச்சி வேற!”

அண்ணன் சிரித்தார். காக்கிச் சட்டைக்காரர் சிரிக்கவில்லை.

“பேறுக்குப் போன உங்க தங்கச்சி எப்ப திரும்பி வருவா, அத்தான்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துரும்ணு பயப்படுகாளோ? நாங்க வளக்கிற கொசுவில காய்ச்சல் கெடையாது.”

“அவளுக்குக் கொசுவில பயமில்ல, மாப்பிள. நீரு ராத்திரி கண்ணுக்குட்டிக்குத் துணை இருக்கேரு, பகல் முழுக்க உறங்குகேரு, நான் யாருகிட்டப் பேசணும்ணு கேக்கா.”

பஸ் வில்லுக்குறி வந்தது. அங்கே அண்ணன் இறங்க எழுந்தார்.

“பிள்ளைக்கு என்ன பேரு வச்சிய?” என்று காக்கிச் சட்டைக்காரர் கேட்டார்.

“உம்ம அம்மைக்க பேருதான். மூத்த பொண்ணுக்கு வேற யாரு பேர வைப்பாவ?”

அவர் இறங்கியதும் பஸ் நகர்ந்தது. காக்கிச் சட்டைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதடு அசைந்தது. மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பெற்ற அம்மையின் பெயரை வாய்விட்டுச் சொல்ல யாருக்கு வரும்? சத்தம் மட்டும் வரவில்லை.